வாள் வடிவப் பொருள்

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஜாக்குலினுக்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அந்த நாட்டுக்குப் பேசினால் மீட்டர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதுதான். ஆரணியிலிருந்து யாரும் ஜப்பானுக்குப் பேசியதில்லை. அதனால் அதுவும் கட்டணப் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் அவள் வீட்டுச் சுவரில் ஒரு ஜப்பான் வாள் மாட்டியிருந்தது. அவள் அப்பா சவரிராஜ் உலகப் போரில் லாரி ஓட்டியவர். ஜப்பான் படை சரணடைந்தபோது ரங்கூனில் ஒரு கொட்டகை நிறைய வாள்கள் விறகு மாதிரி குவிந்து கிடந்தன. வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒருவன் டிரைவர்களை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்து நீட்டினான். சவரிராஜ் யாரையும் வென்று வாங்கவில்லை. வரிசையில் நின்று வாங்கினார். இதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. கேட்டால், "ரேஷன் மாதிரிதாம்பா" என்பார்.

1998 கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சபையில் கேக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டார்கள். கத்தி எட்டவில்லை. யாரோ ஓடிப்போய் சவரிராஜ் வீட்டு வாளை எடுத்துவந்தார்கள். போதகர் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கேக் வெட்டுகிற படம் பேப்பரில் வந்தது. மறுநாளே இன்ஸ்பெக்டர் ராஜவேலு பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பூத்துக்கு வந்துவிட்டார்.

"இந்தக் கத்தி யார்துமா?"

"எங்க நைனாதுங்க."

"லைசென்ஸ் கீதா?"

"கேக் வெட்டறதுக்கா சார்?"

ராஜவேலு நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "இவ்ளோ நீட்டு கத்தின்னா லைசென்ஸ் வேணும்மா. மேலிடத்துல பேப்பரைப் பார்த்துட்டு கேட்டுட்டாங்க. கேஸ் எழுதினா பெரியவரு பேர்லதான் எழுதணும். எழுபத்தேழு வயசு ஆளைக் கோர்ட்டுக்கு இழுக்க எனக்கு மட்டும் ஆசையா? விவரம் தெரிஞ்சவங்க யார்னா இது இன்னா பொருள்னு பார்த்து ஒரு பேப்பர் குடுத்தா, நான் ஃபைலை மூடிடறேன். பொங்கல் கழிச்சு வரேன். அதுக்குள்ள ஜல்தியா ஏற்பாடு பண்ணு."

சவரிராஜுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை. கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்தவர்தான், சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. "அம்பத்திமூணு வருசம் செவுத்துல சும்மா தொங்கிகினு இருந்தது. இப்ப என்னைத் தொங்கவிடப் பாக்குது" என்றார்.

விவரம் தெரிந்தவர்களுக்கு எங்கே போவது? ஜாக்குலின் சொந்த பூத்திலிருந்தே சென்னைக்கு நாலைந்து இடங்களுக்குப் பேசினாள். கடைசியில் ஒருத்தர் ஒரு நம்பர் கொடுத்தார். தென்னிந்திய ஜப்பானிய வாள் காப்பாளர் பேரவை. எடுத்தவர் அதன் செயலாளர் வேணுகோபால். கிரானைட் ஏற்றுமதி செய்கிறவர்.

"சார், எங்க வீட்ல ஒரு ஜப்பான் வாள் இருக்குதுங்க."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஒரு வாள் எங்களிடம் தங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்."

"சரிங்க. ஒரு வாள் எங்க வீட்ல தங்கிகினு இருக்குது."

"விற்கும் எண்ணமா?"

"இல்லீங்க. ஒரு பேப்பர் மட்டும் வேணும்."

"நல்லது. இங்கே யாரும் வாளை விற்பதில்லை, வாங்குவதும் இல்லை. வாள் தன்னுடைய அடுத்த காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கும். நாங்கள் வெறும் சாட்சிகள்."

வாளைப் பார்க்க வேண்டுமானால் உறுப்பினர் யாராவது விண்ணப்பிக்க வேண்டும். உறுப்பினர் ஆக வேண்டுமானால் பேரவையின் சான்று பெற்ற வாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். சான்று பெற வேண்டுமானால் உறுப்பினராக இருக்க வேண்டும். இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பேரவை இத்தனை வருஷம் தரத்தோடு இருப்பதற்குக் காரணமாகச் சொன்னார். பிறகு, தற்காலிகப் பார்வையாளர் என்று ஒரு வகை உண்டென்றும் அதற்குச் சந்தா உண்டென்றும் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

சென்னையில் ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடி ஏ.சி. ஹாலில் கூட்டம் நடந்தது. தோல் டாக்டர், சினிமா தியேட்டர்காரர், இரண்டு வக்கீல், அவர்களுக்கெல்லாம் தலைவராக தசரதன். அரசாங்கத்தில் தலைமை என்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் சட்டை பேண்ட்டுக்கு மேல் ஜப்பானிய அங்கி மாட்டிக்கொண்டு பாயில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முட்டிவலிக்காரர்கள் சுவரோரம் நாற்காலியில் மண்டியிட்ட பாவனையில் இருந்தார்கள்.

முதலில் வாளுக்கு வணக்கம். ஜாக்குலின் குனிந்தாள். கோணம் போதாது என்றார்கள். இன்னும் குனிந்தாள். இப்போது அதிகம், இது மன்னருக்கு என்றார்கள். பிறகு ஆளுக்கொரு வெள்ளைக் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்கள். மூச்சின் ஈரம் பட்டால் வாள் துருப்பிடிக்குமாம். அதனால் வாள் உறையைவிட்டு வெளியே இருக்கிற வரை காகிதத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாரும் கடித்துக்கொண்டார்கள். அதன்பின் பேச முடியாதல்லவா? ஆகவே அபிப்பிராயங்களைப் புருவத்தால் தெரிவித்தார்கள். அரைமணி நேரம் அந்த ஹாலில் புருவங்கள் மட்டுமே இயங்கின.

அப்புறம் தேர்ந்தெடுப்பு நடந்தது. தியேட்டர்காரரிடம் தங்கியிருந்த வாளுக்குப் புதுக் காப்பாளர் வேண்டும். விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் ஒரு தொகையை எழுதித் தலைவரிடம் கொடுத்தார்கள். தலைவர் கண்ணை மூடி வாளின் விருப்பத்தைக் கேட்டார். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபின் மறுபடியும் கேட்டார். வாள் தோல் டாக்டரைத் தேர்ந்தெடுத்தது. அதிகத் தொகை எழுதியிருந்தவரும் அவர்தான்.

"போன வருஷம் இவர்கிட்டேயிருந்துதான் எனக்கு வந்தது" என்று பக்கத்திலிருந்த தியேட்டர்காரர் ஜாக்குலினிடம் பெருமையாகச் சொன்னார். "பாதி விலைக்கு."

ஒவ்வொரு முறை கைமாறும்போதும் பேரவை ஒரு புதுச் சான்று கொடுக்கும். ஒவ்வொரு சான்றிலும் வாளுக்கு வயது கொஞ்சம் கூடும். அதற்கேற்பக் கட்டணமும் கூடும். வெளியிலிருந்து புது வாள் வந்து பல வருஷமாகிறது. இருக்கிற சில வாள்களே சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் பணக்காரர்களாக்கிக்கொண்டிருந்தன. காகிதத்தில்.

தலைவர் தசரதனின் வாள்தான் அங்கே தலைமை வாள். அதன் அடிக்கம்பியில், கைப்பிடிக்குள் மறைந்திருக்கிற பகுதியில், பழைய கொல்லன் ஒருவன் தன் பெயரை நாலு எழுத்தில் வெட்டியிருக்கிறான் என்று எல்லாரும் மரியாதையோடு சொன்னார்கள். அது மறுமாதம் ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போவதாகவும் பேசிக்கொண்டார்கள். வாள் இன்னும் முடிவு செய்யவில்லை. முன்பணம் மட்டும் வாங்கியிருந்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு பேரவை வேன் பிடித்து ஆரணிக்கு வந்தது. வாள் பயணப்படக் கூடாது, அறிஞர்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும் என்பது விதி. அறிஞர்களின் மனைவிமார் வேனைவிட்டு இறங்கியதும் நேராகப் பட்டுப்புடவைக் கடைக்குப் போய்விட்டார்கள். ஆரணிப் பயணத்துக்கு எல்லாரும் இத்தனை சுலபமாகச் சம்மதித்ததன் காரணம் அப்போதுதான் ஜாக்குலினுக்கு விளங்கியது.

வாளைத் துடைக்க யாரும் உடுத்தாத பட்டு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாள் தறியில் மீந்த ஒரு துண்டைக் கொடுத்தாள். "எதுக்குடி?" என்று கேட்டாள்.

"வாளைத் துடைக்கக்கா."

"ஜாக்கெட் பிட்டு ஆகும்டி இது. பாவி மனுஷனுங்க."

எல்லாரும் வணங்கினார்கள். எல்லாரும் காகிதம் கடித்தார்கள். சவரிராஜுக்குக் கடிக்கப் பல் இல்லை. பல்செட்டை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு கடித்தார். தசரதன் ஒரு சின்னச் சுத்தியலால் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே கறுத்த இரும்பில் நாலு எழுத்து இருந்தது.

புருவங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே போயின. அப்படியே நின்றுவிட்டன.

பேரவை வரலாற்றில் முதல்முறையாகத் தோல் டாக்டர் வாயிலிருந்து காகிதத்தை எடுத்தார். "தலைவரே, உங்க வாள்ல இருக்கிற அதே நாலு எழுத்து. ஆனா உங்களுதுல ரெண்டாவது எழுத்துக்கு வால் கிடையாதே? இதுல இருக்கே? ஜப்பான் வாள் புத்தகத்துல போட்டிருக்கிறதும் வாலோடதானே?"

"ஒரே ஆள் தன் பேரை ரெண்டு விதமா எழுதுவானா?" என்றார் ஒரு வக்கீல். காகிதத்தை எடுக்காமலே பேசியதால் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தசரதனுக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

அவர்கள் கொல்லைப்பக்கம் போய்க் கலந்து பேசினார்கள். கொஞ்ச நேரம் சத்தமாகவும், பிறகு ரொம்ப நேரம் மெதுவாகவும் பேசினார்கள். இந்த வாள் அசலென்றால் தலைவரின் வாள் போலி. தலைவரின் வாள் போலியென்றால் அதற்குச் சான்று கொடுத்த பேரவை போலி. பேரவை போலியென்றால் ஒவ்வொருவர் வீட்டிலும் தங்கியிருக்கிற வாளின் விலை என்ன ஆவது? திரும்பி வந்தபோது எல்லார் முகத்திலும் ஒரு சாந்தி இருந்தது.

தசரதன் எழுந்து நின்று பேசினார். "அன்பர்களே, உலகத்தில் இரும்பு ஏராளம். கூர்மையான இரும்பும் ஏராளம். வாளை வாளாக்குவது எது? கொல்லனா? அவன் வெறும் கூலியாள். நெருப்பா? அது எல்லார் வீட்டு அடுப்பிலும் எரிகிறது. பேரவையின் முத்திரை விழுகிற அந்தக் கணத்தில்தான் இரும்பு வாளாகிறது. நான் அரசுப் பணியில் முப்பது வருஷம் பாலம் கட்டியவன். பாலம் நிற்கிறதா என்று ஒருநாளும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்ததில்லை. கோப்பில் நின்றால் போதும், பாலம் நின்றது என்றுதான் பொருள். கண்ணால் பார்த்து முடிவு செய்வது பாமரர் வேலை."

"எந்த ஆத்துல சார் அந்தப் பாலம்?" என்று சவரிராஜ் கவலையோடு கேட்டார். லாரி ஓட்டியவர் அல்லவா.

"இது சந்தேகம் கேட்கும் நேரமல்ல" என்றார் தசரதன். "இந்தப் பொருளைப் பரிசீலித்தோம். இது வாள் அல்ல. வாள் வடிவப் பொருள். வருத்தம்தான். அழ வேண்டாம், அம்மா."

ஜாக்குலின் அழவில்லை. "வாளே இல்லைங்களா?"

"இல்லவே இல்லை."

"அதை அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

அவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. இதுவரை மறுக்கப்பட்டவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள், காலில் விழுந்திருக்கிறார்கள். மறுப்பைக் கேட்டு வாங்கினவர் யாரும் இல்லை. பெரிய காகிதத்தில் எழுதினார்கள். மேற்படி பொருள் வாள் அல்ல, முன்பு எக்காலத்திலும் வாளாக இருந்ததும் அல்ல. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அந்த ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமா வைங்க சார்" என்றாள் ஜாக்குலின். "போலீஸ்காரங்க பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் ராஜவேலு அதை இரண்டு தடவை படித்தார். "வாளே இல்லையாமா இது?"

"இல்லையாம் சார்."

"அப்ப கேக்கை எதால வெட்டினாங்க?"

"வாள் வடிவப் பொருளால சார்."

ராஜவேலு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். டாக்டர், வக்கீல், தலைமை என்ஜினீயர். "இவ்ளோ பெரிய மனுஷங்க சொல்லும்போது நான் யாரு?" என்றார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஃபைலை மூடினார். சவரிராஜ் அன்று ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அத்தோடு தொல்லை விட்டது என்று ஜாக்குலின் நினைத்தாள். அந்த வாரமே தோல் டாக்டர் பூத்துக்கு வந்தார். போன் பேச வந்தவர் மாதிரி கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளைக் கூப்பிட்டார்.

"அது அசல் வாள்மா. அந்த தசரதன் ஒரு ஃப்ராடு. யாருக்கும் சொல்லாம எனக்குக் குடுத்துடு."

"நீங்களும்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"அது பேரவை. இது நான்."

"அப்ப அசல் வாள்னு நீங்க தனியா எழுதிக் குடுங்க. பேசலாம்."

டாக்டர் எழுத மறுத்துவிட்டார். எழுதினால் அவர் வீட்டிலிருக்கிற வாளுக்கு ஆபத்து. இரண்டு நாள் கழித்து வேணுகோபால் வந்து, டாக்டர் ஒரு ஃப்ராடு என்றார். பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு நல்ல தொகை போட்டுத் தருவதாகச் சொன்னார். அவரும் எழுதவில்லை. இவர்களால் ஜாக்குலினுக்குப் பெரிய பேஜாராகிவிட்டது.

கடைசியாக தசரதனே வந்தார், அங்கி இல்லாமல், வாடகைக் காரில். வேலூரில் வாத்தியாராக இருக்கும் ஜாக்குலின் புருஷன் சார்லி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் சவரிராஜும் மட்டும் இருந்தார்கள். தசரதன் இருவருக்கும் கும்பிடு போட்டார். கோணம் சரியாகவே இருந்தது.

"பெரியவரே, வாளை நான் கேட்கலை. உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த நாலு எழுத்தை மட்டும் அரத்தால லேசாத் தேய்ச்சுடலாமா?"

சவரிராஜுக்குப் புரிய நேரம் பிடித்தது. "மூச்சுக்காத்து படக்கூடாதுன்னு என் வாயில பேப்பரை வெச்சீங்களே சார்?"

"அது வாளுக்கு. இது வாள் இல்லைன்னுதான் முடிவாயிடுச்சே."

"வாள் இல்லைன்னா எழுத்து இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" என்றாள் ஜாக்குலின்.

"ராணிப்பேட்டைக்காரர் காதுக்கு எப்படியோ போயிட்டுது. வந்து பார்க்கணும்கிறார். அவர் பார்த்தா என்னோட வாள்..." தசரதன் நிறுத்திக்கொண்டார். "இந்த விஷயத்துல நாலு குடும்பத்தோட மானம் இருக்கு."

"முடியாதுங்க" என்றார் சவரிராஜ். அவர் குரல் உயர்ந்து ஜாக்குலின் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "எவனோ நெருப்புல வெந்து செஞ்சு அவன் பேரை வெட்டியிருக்கான். நான் வரிசையில நின்னு வாங்கினவன். அதை அழிக்க எனக்கு இன்னா ரைட்டு? உங்களுக்குத்தான் இன்னா ரைட்டு?"

தசரதன் தலை குனிந்தார். பிறகு தழுதழுத்த குரலில், "மன்னிச்சுடுங்க. போறதுக்கு முன்னாடி அதுகிட்ட விடை வாங்கிட்டுப் போறேன். எங்க முறைப்படி அஞ்சு நிமிஷம் தனியா இருக்கணும்" என்றார்.

வயசான மனுஷர், கண் கலங்கி நிற்கிறார். சவரிராஜே வாளை இறக்கிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே டொக் டொக்கென்று ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஜப்பான் முறை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். அப்புறம் கர்க் கர்க் என்று ராவுகிற சத்தம். ஜாக்குலின் அப்பாவைப் பார்த்தாள். அவள் கதவில் கை வைப்பதற்குள் உள்ளே ஒரு அலறல்.

தசரதன் பாயில் மல்லாந்திருந்தார். பக்கத்தில் புது அரம் கிடந்தது. ஒட்டின விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. வெட்டுவாயை டவலால் சுற்றி இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ராவியிருக்கிறார். கை வழுக்கியிருக்கிறது. டவல் இரண்டாகிவிட்டது. உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. நாலு எழுத்தில் முதல் எழுத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. மீதி மூன்றும், அந்த வாலோடு, அப்படியே இருந்தன.

"அய்யோ, ரத்தம்" என்று ஜாக்குலின் ஓடி, கிருஷ்ணம்மாள் கொடுத்த பட்டைக் கையில் சுற்றினாள். வாடகைக் கார் டிரைவர் சீட்டில் கறை படும் என்று மறுத்துவிட்டான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சவரிராஜும் கூட வந்தார்.

டியூட்டி டாக்டர் தீபா சின்ன வயசுப் பெண். காயத்தைக் கழுவிப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "எதுல வெட்டினது? ஆயுதம்னா நான் போலீஸுக்கு எழுதி அனுப்பணும்."

தசரதன் ஜாக்குலினைப் பார்த்தார். சவரிராஜைப் பார்த்தார். வாள் என்று சொன்னால் அது வாள். வாள் அல்ல என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

"அருவாமனை" என்றார் தசரதன்.

"அருவாமனையா? நான் இங்க எத்தனையோ அருவாமனை வெட்டுக்குத் தையல் போட்டிருக்கேன். ஓரம் பிய்ஞ்சிருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருக்கே? இவ்ளோ சுத்தமான வெட்டை நான் பார்த்ததே இல்ல. என்ன இரும்பு சார் அது?"

தசரதனின் புருவம் அவரையும் மீறி மேலே போனது. சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. மரத்துப்போகிற ஊசி இன்னும் போடவில்லை என்பதால் டாக்டர் அதை வலி என்று எடுத்துக்கொண்டாள்.

தையல் முடிகிற சமயம் ஆஸ்பத்திரி போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். வெட்டுக்காயம் என்றால் சும்மாவேனும் எழுதிவைப்பது வழக்கம்.

"பேரு?"

"தசரதன்."

"ஊரு?"

"மெட்ராஸ்."

"இவ்ளோ தூரம் வந்து அருவாமனையில இன்னா நறுக்கிகினு இருந்தீங்க?"

"கத்திரிக்காய்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தை மாசம். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்யாணம்.

"ஓ, சமையலுக்கு வந்த ஆளா?"

முப்பது வருஷம் பாலம் கட்டியவர், பேரவைத் தலைவர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி ஆமென்று தலையை ஆட்டினார்.

"எந்த மண்டபம்?" என்றார் போலீஸ்காரர்.